பதிமூன்றா, அரை இஞ்சா? பழைய ஃபியட் பாகங்களும் நான் வைத்திருந்த வண்டிகளும்

காயலாங்கடையில் ஒரு இரும்புத் துண்டைக் கையில் கொடுத்து, "பழைய ஃபியட்டுது சார், ஒரிஜினல் இத்தாலி" என்று யாராவது சொன்னால், அதில் போல்ட்டு ஏதாவது ஒட்டிக்கொண்டு மிச்சம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். போல்ட்டுத் தலையில் 13-ஆம் நம்பர் ஸ்பேனர் ஆடாமல் உட்கார்ந்தால் மேற்கொண்டு பேசலாம். அரை இஞ்ச் ஸ்பேனர் கச்சிதமாக உட்கார்ந்தால் அது அம்பாசிடரிலிருந்தோ ஸ்டாண்டர்டு ஹெரால்டிலிருந்தோ வந்திருக்கும். கடைக்காரர் இத்தாலி என்று சத்தியமே செய்தாலும் சரி.

அம்பாசிடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி வந்த வண்டி. ஹெரால்டும் இங்கிலாந்து வண்டிதான், நம் மெட்ராஸ் பக்கத்திலேயே செய்தார்கள். இரண்டிலும் இஞ்ச் கணக்கு. ஃபியட் மில்லிமீட்டர் கணக்கு. அரை இஞ்ச் என்றால் 12.7 மி.மீ. அதில் 13 ஸ்பேனரைப் போட்டால் ஏறும், ஆனால் ஆடும். பலமாக இழுத்தால் மூலை மழுங்கிவிடும். அரை இஞ்ச் ஸ்பேனரோ 13 போல்ட்டில் ஏறவே ஏறாது. 14-க்கும் 9/16-க்கும் இது திசை மாறும்: இஞ்ச் ஸ்பேனர் 14 போல்ட்டில் லொடலொடவென்று ஏறும், 14 ஸ்பேனர் 9/16 போல்ட்டில் நுழையாது. 19-உம் முக்கால் இஞ்சும் மட்டும் ஒன்றின் இடத்தில் இன்னொன்று தாராளமாக வேலை செய்யும். அதனால் 19-ஐ வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

போல்ட்டே இல்லை, வெறும் ஓட்டைதான் இருக்கிறது என்றால் மரையைப் பாருங்கள். 8 மி.மீ. போல்ட்டில் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 1.25 மி.மீ. இஞ்ச் வண்டியில் அதற்கு இணையாக வருவது 5/16. அதன் கனமும் கிட்டத்தட்ட 8 மி.மீ.தான், ஆனால் மரை நெருக்கம், இஞ்சுக்கு 24. இந்த இரண்டும்தான் ஷெட்டுகளில் நிறையப் பாகங்களைக் கெடுத்திருக்கின்றன. தப்பான போல்ட்டு இரண்டு சுற்று அழகாக உள்ளே போகும், பிறகு இறுகும். பையன் "துரு சார்" என்று சொல்லி ஸ்பேனருக்குப் பைப்பு மாட்டி இழுப்பான். அலுமினியத்தில் இருந்த மரை பவுடராகக் கொட்டும்.

மரை அளக்கும் கேஜ் இல்லையென்றால் ஒரு வழி உண்டு. எது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு போல்ட்டை, தெரியாத போல்ட்டின் மேல் பக்கவாட்டில் பல்லோடு பல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நடுவில் வெளிச்சம் தெரியாமல் முழு நீளத்துக்கும் கவ்விக்கொண்டால் இரண்டும் ஒரே மரை. என் டூல் பெட்டியில் ஃபியட் போல்ட்டு நாலு அளவில் ஒரு கயிற்றில் கோத்துத் தொங்குவது இதற்காகத்தான். 10 மி.மீ. போல்ட்டில் இன்னும் கவனம் வேண்டும். ஃபியட்டில் பல இடங்களில் 10-க்கும் 1.25 மரைதான் போடுவார்கள். ஹார்டுவேர் கடையில் கேட்டால் கொடுப்பது 1.5.

ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராகச் சேர்ந்து சூப்பர்வைசராக வெளியே வந்தவன் நான். சேர்ந்தபோது எல்லாமே வட ஆர்க்காடு மாவட்டம். 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனித்தனி மாவட்டங்களாகின. வேலை செய்த இடம் மாறவில்லை, விலாசம்தான் மாறிக்கொண்டே இருந்தது. எங்கள் ஷேவிங் மெஷின், ஸ்ப்ளிட்டிங் மெஷின் எல்லாம் இத்தாலியிலிருந்து வந்தவை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் வேலை நடக்கும் ஊர்களில் இத்தாலி மெஷின் புதிதல்ல. அவற்றில் இத்தாலி மொழியில் எழுதியிருந்த தகடுகளை வருஷக்கணக்கில் துடைத்துத் துடைத்து, எண்ணெய் ஊற்றும் இடம் எது, தண்ணீர்க் குழாய் எது என்று பழகிப்போயிருந்தது. காரின் மீட்டரில் அதே எழுத்துகளைப் பார்த்தபோது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மெஷின்களிலிருந்து கார்களுக்கு நான் கொண்டுபோன இன்னொரு அறிவு பேரிங். இத்தாலி மெஷினில் ரிவ் என்று பெயர் பொறித்த பேரிங் இருக்கும். ஃபியட்டை நிறுவியவர்களில் ஒருவரான ஜொவான்னி அன்யெல்லியும் ரொபெர்த்தோ இன்செர்த்தியும் 1906-இல் தொடங்கிய கம்பெனி அது. பழைய வண்டியிலிருந்து கழற்றிய பேரிங்கில் ரிவ் என்று பார்த்ததும் சிலர் பொக்கிஷம் கிடைத்த மாதிரி குதிப்பார்கள். பெயரை விடுங்கள், பக்கத்தில் இருக்கும் நம்பரைப் படியுங்கள். 6204, 6205 போன்ற நம்பர்கள் உலகம் முழுக்க ஒன்றுதான். 04-இலிருந்து கடைசி இரண்டு எண்ணை 5-ஆல் பெருக்கினால் உள் விட்டம் வரும்: 6204-க்கு 20 மி.மீ., 6205-க்கு 25 மி.மீ. 04-க்குக் கீழே இருப்பவை இந்தக் கணக்கில் வராது, 6203-க்கு 17. ஆகவே ரிவ் பேரிங்குக்காக இத்தாலிக்குக் கடிதம் எழுத வேண்டியதில்லை. வேலூரில் பம்பு செட்டுக்குப் பேரிங் விற்கிற கடையிலேயே அதே நம்பரில் நல்ல கம்பெனி பேரிங் கிடைக்கும். ஆயில் சீலும் அப்படித்தான். உள் விட்டம், வெளி விட்டம், தடிமன் மூன்றையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். "ஃபியட்டுக்கு சீல் கொடுங்க" என்று கேட்டால் இல்லை என்பார். அளவைச் சொன்னால் எடுத்து வைப்பார்.

என் முதல் கார் ஃபியட் டிலைட். 80-களின் தொடக்கத்தில் சத்துவாச்சாரியில் ஓய்வு பெற்ற ஒரு அதிகாரியிடமிருந்து வாங்கினேன். புது வண்டிக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. பழைய வண்டிக்கும் நல்ல மதிப்பு. முன்சீட்டு பெஞ்சு மாதிரி ஒரே நீளம், கியர் ஸ்டீயரிங் தண்டில். அதனால் முன்னால் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். என் மகள் நடுவில் உட்கார்ந்துகொண்டு கியர் போடும்போதெல்லாம் கையைத் தட்டிவிடுவாள். அந்தக் கியர் லிங்க்கில் புஷ் தேய்ந்தால் முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும் நடுவில் லீவர் எங்கோ போய்ச் சிக்கிக்கொள்ளும். பானெட்டைத் திறந்து, கம்பியைக் கையால் ஒரு தட்டுத் தட்டி விடுவித்து, கிரீஸ் கையோடு மறுபடி ஓட்ட வேண்டும். சிக்னலில் நின்றுகொண்டு இதைச் செய்யும்போது பின்னால் பஸ்காரர் என்ன சொல்வார் என்று எழுதவேண்டியதில்லை.

வேலூர் வெயிலில் டிலைட்டின் உண்மையான சோதனை பெட்ரோல் பம்பு. இங்கே எல்லோரும் ஏசி பம்பு என்பார்கள். என்ஜின் பக்கத்திலேயே போல்ட்டுப் போட்டு இறுக்கியிருக்கும். கேம் ஷாஃப்ட்டு தள்ளத் தள்ள டயஃப்ரம் பெட்ரோலை இழுக்கும். மே மாதம் மத்தியானம் ரயில்வே கேட்டில் நின்று கிளம்பினால் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி, வண்டி நாலு இருமல் இருமி நிற்கும். டேங்கில் பெட்ரோல் இருக்கும், கார்ப்பரேட்டருக்கு வராது. எங்கள் வீட்டில் கார் கிளம்பினால் சாப்பாட்டுக் கூடை வருகிறதோ இல்லையோ, ஒரு பழைய துண்டும் தண்ணீர்க் குடமும் கட்டாயம் வரும். துண்டை நனைத்துப் பம்பின் மேல் போட்டுப் பத்து நிமிஷம் காத்திருந்தால் மறுபடி கிளம்பும். ஏலகிரிக்குப் போனபோது பதினாலு கொண்டை ஊசி வளைவில் பாதி வழியில் துண்டு காய்ந்துபோய், என் மனைவி கூஜாவில் இருந்த மோரையே ஊற்றிவிட்டாள். வண்டி கிளம்பியது. வீடு வந்து சேரும்வரை பானெட்டுக்குள்ளிருந்து புளித்த வாடை.

அந்தப் பம்பைப் பலமுறை பிரித்ததில்தான் ஒரு விஷயம் பிடிபட்டது. பார்க்க ஒன்றுபோல இருக்கும் பம்புகளில் லீவரின் நீளமும் வளைவும் வேறு வேறாக இருக்கும். என்ஜின் பக்கம் உட்காரும் ஃபிளாஞ்சில் ஓட்டை ஒத்துப்போனதால் மட்டும் வாங்கக்கூடாது. பழைய பம்பைப் பக்கத்தில் வைத்து லீவரையும் ஒப்பிட வேண்டும். நடுவில் போடும் தடித்த பேக்கிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டால் லீவர் கூடுதலாக அழுந்தி சீக்கிரம் தேயும். அந்தப் பேக்கிங்குக்கு என்ஜின் சூடு பம்புக்கு ஏறாமல் தடுக்கும் வேலையும் உண்டு.

இனி தலைமுறைகளைப் பற்றி. ஃபியட் என்று நம் ஊரில் ஒரே பெயராகச் சொல்வது பல வண்டிகளை. பம்பாயில் வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ்தான் இவற்றைச் செய்தது. 50-களின் தொடக்கத்தில் குட்டி ஃபியட் 500, பிறகு 1100. இத்தாலியில் 1953-இல் ஜெனீவா கண்காட்சியில் காட்டிய 1100-103 என்ற உடல் இங்கே எலிகன்ட், செலக்ட், சூப்பர் செலக்ட் என்று பெயர் மாறி மாறி வந்தது. 1964-இல் டிலைட். 70-களில் ஃபியட் பெயரை விட்டு பிரீமியர் பிரசிடென்ட், 1974-இலிருந்து பிரீமியர் பத்மினி. டிலைட்டும் பத்மினியும் அடிப்படையில் ஒரே உடல். கிரில், டாஷ்போர்டு, உள் அலங்காரம் மாறிக்கொண்டே வந்தன. ஆகவே கதவோ பானெட்டோ வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது 1100-103 உடலா, டிலைட் உடலா என்பது. ஆரம்ப கால 1100-103-இல் முன்கதவு எதிர்ப்பக்கம் திறக்கும், கீல் நடுத்தூணில் இருக்கும். கதவுக் கீலை எந்த ஓரத்தில் இறுக்கியிருக்கிறது என்று பார்த்தால் போதும், அடுத்த கேள்வியே தேவையில்லை.

உள்ளே இருந்த என்ஜின் இவை எல்லாவற்றையும் விடப் பழையது. 68 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 75 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 1089 சி.சி. இந்த அளவு 1937-இல் வந்த ஃபியட் 508 சி-யிலேயே இருந்தது. தாந்தே ஜியாகோசா என்ற என்ஜினியர் கைபட்ட வண்டி அது. குட்டி 500-உம் அவர் வடிவமைத்ததுதான். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் போட்ட கணக்கு, நம் ஊர் டாக்சி ஸ்டாண்டில் 90-கள் வரை ஓடிக்கொண்டிருந்தது. கேலி செய்பவர்கள் உண்டு. எனக்கு அதில் மரியாதைதான். டாப்பெட், ராக்கர், புஷ்ராடு என்று எல்லாம் கண்ணால் பார்த்துக் கையால் தொட்டுச் சரிசெய்யக்கூடிய என்ஜின் அது.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, இப்போது இன்டர்நெட்டில் பாகம் வாங்குகிறவர்கள் விழக்கூடிய பள்ளம். என் மச்சினன் மகன் ஆரணியில் ஒரு டிலைட்டை எடுத்து வைத்திருக்கிறான். ஒருநாள் ராத்திரி போன் செய்தான்.

"மாமா, இத்தாலில ஒருத்தர்கிட்ட 1100 டி-க்கு புது பிஸ்டன் செட்டு கீது. நம்ம டிலைட்டும் 1100 டி-தானே? போட்டுடட்டா?"

"பணம் கட்டிட்டியா?"

"இன்னும் இல்ல மாமா."

"பிஸ்டன் விட்டம் எவ்ளோன்னு கேளு முதல்ல."

கேட்டுச் சொன்னான்: 72. அதுதான் விஷயம். இத்தாலியில் விற்ற 1100 டி-க்கு 72 மி.மீ. போர் கொடுத்து 1221 சி.சி. ஆக்கியிருந்தார்கள். நம் டிலைட்டுக்கு உடல் அந்த 1100 டி, என்ஜின் பழைய 1089 சி.சி. பெயர் ஒன்று, பிஸ்டன் வேறு. 68 மி.மீ. சிலிண்டரைக் கடைந்து கடைந்து 72-க்குக் கொண்டுபோக முடியாது. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து கொஞ்சம் பெரிய பிஸ்டன் போடும் ஓவர்சைஸ் என்பது மில்லிமீட்டரில் பின்னம்தான். இத்தாலியில் அதற்குப் பின்னால் 1966-இலிருந்து 1969 வரை வந்த 1100 ஆர்-இல் மறுபடி 1089 சி.சி.க்கே திரும்பிவிட்டார்கள்; ஆனால் அதில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், நம்முடையதில் நாலு பக்கமும் டிரம். அதன் பிரேக் பாகமும் நமக்கு உதவாது. விற்பவர் பொய் சொல்லவில்லை, அவர் நாட்டு வண்டியைப் பற்றி அவர் சரியாகத்தான் சொன்னார். பாகத்தின் பெயரைக் கேட்காதே, அளவைக் கேள் என்று அவனிடம் சொன்னேன். விட்டம் அளக்கும் வெர்னியர் ஒன்று வாங்கிக்கொண்டான். பிஸ்டனில் தலையிலேயே ஓவர்சைஸ் எவ்வளவு என்று பொறித்திருப்பார்கள், கார்பனைச் சுரண்டிவிட்டால் தெரியும்.

கண்ணாடி, விளக்கு வகையில் அளவை விட முத்திரை நன்றாகப் பேசும். விளக்கின் கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் சாய்த்துப் பாருங்கள். ஒரு வட்டம், அதற்குள் ஆங்கில ஈ எழுத்து, பக்கத்தில் ஒரு எண் இருக்கலாம். 1958-இல் ஐரோப்பிய நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி வந்த அங்கீகார முத்திரை அது. 1 ஜெர்மனி, 2 பிரான்ஸ், 3 இத்தாலி, 9 ஸ்பெயின், 11 இங்கிலாந்து. வட்டம் இல்லாமல் ஐ.ஜி.எம். என்ற எழுத்துகளும் ஒரு நம்பரும் இருந்தால் அது இத்தாலி அரசின் மோட்டார் துறை கொடுத்த பழைய அனுமதி எண். அப்படிப்பட்ட கண்ணாடி இத்தாலியில் ஓடுவதற்காகச் செய்ததுதான். காரெல்லோ என்ற பெயர் விளக்கிலும், வெலியா என்ற பெயர் மீட்டரிலும், மன்யெத்தி மரெல்லி என்ற பெயர் டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டரிலும் இருந்தால் இத்தாலியில் பிறந்தவை. லூகாஸ் டிவிஎஸ் என்றிருந்தால் நம் சென்னைப் பாடியில் செய்தது. அதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். நான் ஓட்டிய வண்டிகளில் அதிகம் உழைத்தது பாடியில் செய்த செல்ஃப் மோட்டார்தான்; பிரஷ் போட்டால் மறுபடி வேலைக்கு வந்துவிடும்.

ஃபியூஸ் பெட்டியும் ஒரு சாட்சி. இரண்டு முனையும் கூம்பாக, வெள்ளைப் பீங்கான் உடலின் மேல் தகடு ஓடும் ஃபியூஸ் என்றால் ஐரோப்பா வழி. கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் என்றால் இங்கிலாந்து வழி. யாராவது பெட்டியையே மாற்றியிருக்கலாம், அதனால் இதை இரண்டாவது சாட்சியாகத்தான் வைத்துக்கொள்வேன். பழைய இங்கிலாந்து வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டி உடலில் எர்த் ஆகியிருக்கும், ஃபியட்டில் நெகட்டிவ். டைனமோவையோ வோல்டேஜ் ரெகுலேட்டரையோ ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் முன் இதைப் பாருங்கள். மாற்றிக் கொடுத்தால் ரெகுலேட்டர் புகைந்துவிடும்.

கார்ப்பரேட்டர் வாங்குகிறவர்களுக்கு. வெபர் என்றால் பொலோன்யா ஊர்க் கம்பெனி. நம் ஃபியட்டுகளில் பெரும்பாலும் பார்ப்பது சோலெக்ஸ், அதை மெட்ராஸிலேயே செய்துகொண்டிருந்தார்கள். இரண்டிலும் உடலில் பொறித்த முதல் எண் பெட்ரோல் காற்று போகும் வாயின் விட்டம், மில்லிமீட்டரில். 32 என்றால் 32 மி.மீ. இரண்டு எண்கள் சாய்கோடு போட்டு இருந்தால் இரண்டு வாய். பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டில் இருக்கும் 120, 125 போன்ற எண்கள் ஓட்டையின் விட்டத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காகச் சொல்வது; 125 என்றால் 1.25 மி.மீ. ஊரில் சிலர் ஜெட்டை ஊசியால் குத்திச் சுத்தம் செய்வார்கள், மைலேஜ் குறைந்தால் அதுதான் காரணம். நம்பர் அப்படியே இருக்கும், ஓட்டை பெரிதாகியிருக்கும். பழைய கார்ப்பரேட்டர் எடுக்கும்போது த்ராட்டில் தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மேலும் கீழும் ஆடினால் அங்கே காற்று இழுக்கும், ஐடிலிங் ஒருநாளும் நிலையாக இருக்காது.

நம் பக்கத்துக்கென்றே ஒரு பாடம் இருக்கிறது. ஃபியட் 1100-க்கு பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். பாலாற்றங்கரை ஊர்களில், அதுவும் டேனரி இருக்கிற பக்கம், போர் தண்ணீர் உப்பு. டேனரிக் கழிவைப் பற்றி சுப்ரீம் கோர்ட் வரைக்கும் வழக்குப் போய், 1996-இல் தீர்ப்பு வந்தது நாட்டுக்கே தெரியும். அந்த உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் ஹெட்டுக்குள் தண்ணீர் ஓடும் ஓட்டைகளின் ஓரம் அரித்துப்போகும். கேஸ்கட் எத்தனை மாற்றினாலும் தண்ணீர் சிலிண்டருக்குள் கசியும். ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கம் ஓடிய வண்டியின் ஹெட்டையும், ஏலகிரி அடிவாரத்தில் ஓடிய வண்டியின் ஹெட்டையும் பக்கத்தில் வைத்தால் ஓட்டை ஓரங்களே ஊரைச் சொல்லும். பழைய ஹெட் வாங்குவதென்றால் கேஸ்கட் உட்காரும் பக்கத்தை மேலே வைத்து, நேரான ஸ்டீல் ஸ்கேலை நீளவாக்கிலும் குறுக்காகவும் மூலைக்கு மூலையாகவும் வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒருமுறை நன்றாகக் கொதித்த ஹெட் வளைந்திருக்கும். ஓரளவு வளைவை லேத்தில் சீவிச் சரிசெய்யலாம். ஓட்டை ஓரம் அரித்துப்போனதை வெல்டிங் வைத்துச் சரிசெய்கிறேன் என்பவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தச் செலவு செய்யமாட்டேன். ரேடியேட்டருக்கு மழைத் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்வது என் வீட்டுப் பழக்கம்.

டிலைட்டுக்குப் பிறகு ஒரு பத்மினி வைத்திருந்தேன். நல்ல வண்டி, சொல்லும்படி ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை, அதனாலேயே அதைப் பற்றி நினைவும் குறைவு. அப்புறம் பிரீமியர் 118 என்.இ. அது வெளியே இத்தாலி, உள்ளே ஜப்பான். உடல் 1966-இல் வந்த ஃபியட் 124-இன் வழி, என்ஜின் நிஸ்ஸானின் 1171 சி.சி. ஏ12. இதற்குப் பாகம் தேடுகிறவர்கள் ஃபியட் 124 என்று தேடி விளக்கு, கிரில் வாங்கி ஏமாறுகிறார்கள். பிரீமியர் வாங்கியது ஸ்பெயினின் சீட் என்ற கார் கம்பெனியின் அச்சுகளை. சீட் 1975-இல் அந்த வண்டியின் முகத்தை மாற்றி, செவ்வக விளக்கு வைத்திருந்தது. இத்தாலியின் 124-க்கு உருண்டை விளக்கு. ஆகவே முன்பக்கத்துக்கு சீட் 124 என்று தேடுங்கள், என்ஜினுக்கு நிஸ்ஸான் ஏ12 என்று தேடுங்கள்.

பாகத்தில் நம்பர் தேடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். கிரைண்டரோ எமரியோ வைக்காதீர்கள், எழுத்து போய்விடும். டீசலில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, பித்தளைப் பிரஷ்ஷால் தேயுங்கள். காய்ந்த பிறகு வெள்ளைச் சாக்பீஸைப் படுக்கவைத்து மேலே தடவினால் எழும்பி நிற்கும் எழுத்து தெரியும். குழிந்த எழுத்தென்றால் மெல்லிய காகிதத்தை மேலே வைத்து பென்சிலைத் தேயுங்கள். கூடவே ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள்; ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியமோ துத்தநாகக் கலவையோ பித்தளையோ. ஹெட்லைட் வளையத்தில் காந்தம் ஒட்டினால், அது பித்தளை என்று சொல்லி விற்பவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். யாருக்காவது போட்டோ அனுப்பிக் கேட்பதாக இருந்தால் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, முன்பக்கம், பின்பக்கம், போல்ட்டு ஓட்டை மூன்றையும் எடுங்கள். எனக்கு வருகிற படங்களில் பாதி, பளபளவென்று துடைத்த முன்பக்கம் மட்டும்தான். பாகத்தை இன்னதென்று சொல்வது அழுக்கான பின்பக்கம்.

தேட வேண்டிய இடங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. வேலூரில் பழைய ஷெட்டுகளின் பரணில் சிலது இருக்கும். பாய்களின் பழைய பட்டறைகளில் மரியாதையாகக் கேட்டால் டப்பாவைக் கொட்டிக் காட்டுவார்கள். சென்னையில் புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும். பம்பாயின் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சிகள்தான் பாகங்களின் பெரிய ஊற்றாக இருந்தன. அங்கே கடைசியாகப் பதிவில் இருந்த பத்மினி டாக்சி 2023 அக்டோபர் 30-ஆம் தேதி ஓட்டத்தை நிறுத்தியது. இனி அந்தப் பாகங்களைப் புதிதாகச் செய்ய யாருக்கும் பெரிய காரணம் இல்லை. பிரேக் வீல் சிலிண்டர் ரப்பர், கிளட்ச் பிளேட், கிங்பின் செட் மூன்றும் எங்கே பார்த்தாலும் வாங்கி வைத்துவிடுங்கள். ரப்பரை மட்டும் வளைத்துப் பார்த்து வாங்குங்கள், பழைய ஸ்டாக் வெடித்துப்போயிருக்கும்.

ஒரிஜினல் பாகத்துக்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. முதல் பதிவு முடிந்து 50 வருஷம் ஆன சொந்த உபயோக வண்டிகளுக்கு வி.ஏ. எழுத்துகளோடு தனிப் பதிவு எண் கொடுக்கும் விதியை மத்திய அரசு 2021-இல் கொண்டுவந்தது. சேஸி, பாடி, என்ஜின் பெரிதாக மாற்றப்படாமல் இருக்க வேண்டும். 1974-இல் பதிவான முதல் பத்மினிகளே அந்த வயதைத் தாண்டிவிட்டன. டீசல் செலவு குறைவு என்று 80-களிலும் 90-களிலும் நம் பக்கம் பல ஃபியட்டுகளில் வேறு என்ஜினைத் தூக்கி வைத்தார்கள். அந்த வண்டிகளுக்கு இந்த வழி கஷ்டம். வாங்கும் முன் ஆர்.சி.யில் இருக்கும் என்ஜின் நம்பரையும் சேஸி நம்பரையும் வண்டியில் சாக்பீஸ் தடவிப் படித்து ஒத்துப் பாருங்கள்.

ஆரணி மச்சினன் மகனின் டிலைட்டில் இரண்டும் ஒத்துப்போகின்றன. பிளாக் இப்போது காட்பாடியில் லேத்துக்குப் போயிருக்கிறது. நாலு சிலிண்டரில் மூன்றாவதுதான் அதிகம் தேய்ந்திருப்பதாகச் சொன்னார்கள். அதை அளந்து, எந்த ஓவர்சைஸ் என்று லேத்காரர் எழுதிக் கொடுத்த பிறகுதான் பிஸ்டன் செட்டுக்குப் பணம் கட்டச் சொல்லியிருக்கிறேன்.